ஆய்வுக் கட்டுரை யாருக்குத் திறக்கிறது? ‘ஒரே நாடு ஒரே சந்தா’வும் திறந்த அணுக்கமும்

ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்ததிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. உலகத்து ஆய்வு இதழ்களை எல்லாம் இனி இந்தியாவில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாமா?

படிக்க முடியாது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கிற ஒரு கட்டுரை, ஈரோட்டுப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில், அந்தக் கல்லூரி தனியாகச் சந்தா கட்டியிருந்தால் ஒழிய, திறக்காது. அந்தியூரில் மஞ்சள் போட்டிருக்கும் விவசாயிக்கும் திறக்காது. அவர்கள் திரையில் வருவது முன்போலவே விலைச்சீட்டுதான்: ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர்.

அரசு மொத்தமாகச் சந்தா கட்டுவது ஒன்று, ‘திறந்த அணுக்கம்’ என்று ஆய்வை எல்லாருக்கும் திறந்துவைப்பது வேறொன்று. செய்திகளில் இந்த இரண்டும் கலந்துபோய்விட்டன. பிரித்துப் பார்க்க, கட்டுரை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டுரை உருவாகும் வழி, பணம் போகும் வழி

1. ஆய்வுக்குப் பணம் வேண்டும். இந்தியாவில் அதில் பெரும்பங்கு அரசுப் பணம்: மத்திய அறிவியல் துறைகளின் நல்கை, பல்கலைக்கழகச் சம்பளம், உதவித்தொகை.

2. ஆய்வாளர் முடிவுகளை எழுதி ஓர் இதழுக்கு அனுப்புகிறார். இதற்கு இதழ் அவருக்குப் பணம் தருவதில்லை.

3. இதழாசிரியர் அதை அதே துறையில் இருக்கும் வேறு இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் குறை நிறை கேட்கிறார். இதுதான் சக ஆய்வாளர் மதிப்பீடு. இதைச் செய்பவர்களுக்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை.

4. கட்டுரை ஏற்கப்பட்டதும் அதை எழுதியவர் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுக்கிறார். சந்தா இதழ்களில் இதுவே நீண்டகால வழக்கம்.

5. பதிப்பகம் அந்தக் கட்டுரையை, அதை எழுதியவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கே சந்தாவாக விற்கிறது.

சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களுக்கு இந்தக் கணக்கில் இருக்கும் கோளாறு உடனே புரியும். பாவு நூலைக் கொடுப்பவருக்குத்தான் துணி சொந்தம், நெய்தவருக்குக் கூலி உண்டு. இங்கே நூலும் நம்முடையது, நெசவும் நம்முடையது, துணியில் பழுது பார்ப்பவரும் நம்மவர். கூலி கிடையாது, துணியையும் நாமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

பதிப்பகங்கள் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. பக்கம் வடிவமைப்பது, மதிப்பீட்டை ஒருங்கிணைப்பது, கட்டுரைக்கு நிலையான அடையாள எண் வாங்கித் தருவது, பல்லாண்டு பாதுகாப்பது என்று செலவுகள் இருக்கின்றன. ஆனாலும் பெரிய அறிவியல் பதிப்பகம் ஒன்றின் இயக்க லாபம் வருவாயில் முப்பது விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது என்றால், நாம் கட்டும் விலைக்கும் அந்தச் செலவுக்கும் பொருத்தம் இல்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

திறந்த அணுக்கம் என்பது எது

2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கைதான் ‘திறந்த அணுக்கம்’ என்ற சொல்லுக்கு ஒரு தெளிவான வரையறை கொடுத்தது. இணையத்தில் கட்டுரையை யாரும் காசில்லாமல் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், படியெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவர் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதே அதில் இருக்கும் முக்கிய நிபந்தனை. நடைமுறை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. பால் ஜின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991-லேயே ‘ஆர்க்சிவ்’ (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினார். இயற்பியல், கணிதம், கணினியியல் ஆய்வாளர்கள் அச்சுக்கு முந்தைய படிகளை இன்றும் அங்கே போடுகிறார்கள்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

1. பசுமை வழி. கட்டுரை எந்த இதழில் வந்தாலும் சரி, மதிப்பீட்டுக்குப் பின் இதழ் ஏற்றுக்கொண்ட எழுத்துப் படியை எழுதியவரே ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுவது. பெரிய பதிப்பகங்களில் பல இதை அனுமதிக்கின்றன. சில உடனே அனுமதிக்கும், சில ஆறு மாதமோ ஒரு வருடமோ இரண்டு வருடமோ காத்திருக்கச் சொல்லும்.

2. தங்க வழி. இதழே கட்டுரையைத் திறந்து வெளியிடும். படிப்பவருக்குச் செலவில்லை. பல இதழ்கள் அந்தச் செலவை எழுதுபவர் தலையில் வைக்கின்றன. இதுதான் வெளியீட்டுக் கட்டணம். ‘நேச்சர்’ இதழ் 2021-ல் இந்த வழியைத் திறந்தபோது கேட்ட தொகை 9,500 யூரோ, அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல்.

3. வைர வழி. எழுதுபவரும் படிப்பவரும் பணம் தர வேண்டாம். அரசோ, கல்விக் கழகமோ, பல்கலைக்கழகமோ இதழின் செலவை ஏற்கும். லத்தீன் அமெரிக்க நாடுகள் 1990-களின் கடைசியிலிருந்து இதைப் பெரிய அளவில் செய்துவருகின்றன.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, பயன்படுத்த உரிமை கிடைப்பது வேறு. ஒரு கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்து ஒரு விவசாய மாத இதழில் போட வேண்டுமென்றால் அதற்கான அனுமதி கட்டுரையின் உரிமத்தில் இருக்க வேண்டும். பயன்படுத்த முன்கூட்டியே பொது அனுமதி தரும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமங்களில் மிகவும் திறந்த வகைகளுள் ஒன்று, பெயர் குறிப்பிட்டால் போதும் என்று அதற்கு இடம் கொடுக்கிறது. உரிமம் எதுவும் எழுதாமல் வெறுமனே திறந்து கிடக்கும் கோப்பை அப்படி எடுத்து அச்சிட முடியாது.

தமிழ் வாசகருக்கு இதில் பழக்கப்பட்ட ஒரு முன்மாதிரி உண்டு: நாட்டுடைமை. 1949-ல் பாரதியார் எழுத்துகளின் உரிமையை அரசு வாங்கியது, பிறகு பொதுவாக்கியது. அதன்பின் யாரும் அச்சிடலாம், யாரும் படிக்கலாம். அரசு பணம் கொடுத்தது உரிமையைப் பொதுமக்களுக்கு மாற்றுவதற்காக. ‘ஒரே நாடு ஒரே சந்தா’விலும் அரசு பணம் கொடுக்கிறது, ஆனால் உரிமை பதிப்பகத்திடமே இருக்கிறது.

திட்டம் என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ல் ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300-க்கு மேல் பயன்பெறுகின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. பயன்பெறுவோர் 1.8 கோடி பேர் என்பது அரசின் கணக்கு.

இது சிறிய காரியமில்லை. முன்பு ஒவ்வொரு நூலகமும் தனித்தனியாகப் பதிப்பகத்தோடு பேரம் பேசியது, பணக்கார நிறுவனங்களுக்கு மட்டும் நல்ல இதழ்கள் கிடைத்தன. இன்று பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு, ஐஐடி மாணவர் படிக்கும் அதே இதழ்களைப் படிக்க வழி பிறந்திருக்கிறது. அரசுக் கல்லூரியில் இயற்பியல் முதுகலை படிக்கும் ஒரு பெண்ணுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு 2,000 கோடி, 1.8 கோடி பேர்: ஆளுக்கு ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம். 140 கோடி மக்களில் 1.8 கோடி என்பது நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டும்.

கொங்கு நாட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை, ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல், சேலம் என்று போனால் வழியெல்லாம் கல்லூரிகள், அவற்றில் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. தமிழ்நாட்டுப் பொறியாளர்களில் பெரும்பங்கை உருவாக்கும் இந்த வகைக் கல்லூரிகள் திட்டத்தின் முதல் கட்டத்தில் இல்லை. அடுத்து அவற்றையும் சேர்க்கும் எண்ணம் பேசப்படுகிறது.

கல்லூரிகளை விட்டுவிட்டுப் பார்த்தால் வெளியே நிற்பவர்களின் வரிசை இன்னும் நீளம்: கோவை வார்ப்பட ஆலைக்காரர், மோட்டார் பம்பு செய்யும் சிறு நிறுவனத்தின் வடிவமைப்பாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், வட்டார வேளாண் அலுவலர், நொய்யல் சாயக்கழிவு பற்றி மனுப்போட ஆதாரம் தேடும் ஊர்க்காரர், பள்ளி ஆசிரியர். நொய்யல் தண்ணீரையும் ஒரத்துப்பாளையம் அணையையும் ஆராய்ந்து எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. அந்தத் தண்ணீரைக் குடித்த ஊர்க்காரர் அவற்றைப் படிக்கக் காசு கொடுக்க வேண்டியிருப்பது சரியே இல்லை.

வெளியே நிற்பவருக்கு ஆய்வுக் கட்டுரை எதற்கு?

இது நேர்மையான கேள்விதான். விவசாயி ஆங்கிலக் கட்டுரையை உட்கார்ந்து படிக்கப்போவதில்லை என்று சொல்வார்கள். நேரடியாகப் படிக்காமல் இருக்கலாம். ஆனால் அந்த அறிவு அவருக்கு வந்து சேரும் வழியில் எத்தனை பேர் படிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கொங்கு நாடு தன் தோட்டங்களிலேயே பார்த்திருக்கிறது.

2008-ல் கோவையில் முதன்முதலாகப் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி அது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தி, வேலியோரக் களைகள் என்று பரவியது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டம் தோட்டமாக வெள்ளையடித்ததுபோல ஆயிற்று. உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்த்தவர்களுக்குத் தழையே இல்லாமல் போனது. மருந்தடித்தும் அடங்கவில்லை, உடம்பின் மேல் இருக்கும் மெழுகுப்பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை.

தீர்வு வேறொரு கடற்கரையில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அதே பூச்சி பசிபிக் தீவுகளான குவாமுக்கும் பலாவுக்கும் போனபோது, அதன் பூர்வீக நாட்டு ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டு அடக்கியிருந்தார்கள், முடிவுகளையும் வெளியிட்டிருந்தார்கள். 2010-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவிகள் இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, கோவை வட்டாரத்தில் விடப்பட்டன. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அசெரோபாகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவிதான் முக்கிய வேலையைச் செய்தது.

பத்தாண்டு கழித்து இன்னொன்று. 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்ட குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் பகுதிக்கு வந்தது. ஜவ்வரிசி ஆலைகளின் பிழைப்பே அந்தக் கிழங்கில்தான் இருக்கிறது. இந்தப் பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து பஞ்சம் வருமோ என்று அஞ்சும் நிலையை உண்டாக்கியது. 1980-களில் அனாகைரஸ் லோபெசி என்ற குளவியைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் அடக்கினார்கள். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி பெனினிலிருந்து வரவழைக்கப்பட்டு 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

இரண்டிலும் நம் விஞ்ஞானிகளுக்குக் கட்டுரைகளும் தொடர்புகளும் கிடைத்தன. அடுத்த முறை புதுப் பூச்சியை முதலில் பார்க்கப்போவது பெரிய நிறுவனத்து விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சுயநிதிக் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியரோ, வட்டார வேளாண் அலுவலரோ, உரக்கடை வைத்திருக்கும் வேளாண் பட்டதாரியோ பார்க்கலாம். ‘இது வேறு எங்கே வந்தது, எதற்கு அடங்கியது’ என்று அன்று மாலையே தேடிப் படிக்க அவருக்கு முடிய வேண்டும்.

மஞ்சள் கதை இதற்கு மறுபக்கம். காயத்துக்கு மஞ்சள் தடவுவதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-ல் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுமம் அதை எதிர்த்தது, 1997-ல் உரிமை ரத்தாயிற்று. ‘எங்கள் பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம்’ என்று சொன்னதால் மட்டும் அது நடக்கவில்லை. அச்சில் வந்த முப்பத்திரண்டு சான்றுகளைக் குழுமம் எடுத்துவைத்தது. அவற்றில் 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. அச்சில் இருந்தது மட்டும் போதவில்லை, தேடியவர் கைக்கு அது கிடைத்தும் ஆக வேண்டியிருந்தது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் மஞ்சளைப் பற்றி நம் கல்லூரிகளில் நடக்கும் ஆய்வுகள் தேடினால் கிடைக்கும் இடத்தில் இருப்பது நமக்கே பாதுகாப்பு.

போலி இதழ்கள்

தங்க வழியின் கட்டண முறையைப் பிடித்துக்கொண்டு ஒரு கெட்ட வியாபாரம் வளர்ந்திருக்கிறது. பணம் கட்டினால் மதிப்பீடே இல்லாமல் சில நாளில் எதையும் வெளியிடும் இதழ்கள் இவை. பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்கப்பட்ட இடங்களில் இவை செழித்தன, நம் பகுதியும் விலக்கல்ல. பல்கலைக்கழக மானியக் குழு நடத்திவந்த, ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எது நல்ல இதழ் என்று தீர்மானிக்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடம்.

இதைக் காட்டித் திறந்த அணுக்கமே மோசம் என்பவர்கள் உண்டு. அது தவறு. பசுமை வழியில் கட்டணமே இல்லை, கட்டுரையும் நல்ல இதழில் மதிப்பீடு முடிந்து வந்ததாகவே இருக்கும். கட்டணம் கேட்கும் இதழ் என்றால் திறந்த அணுக்க இதழ்களின் உலகக் கையேடான ‘டோஜ்’ (DOAJ) பட்டியலில் இருக்கிறதா, கட்டணத்தை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்கிறதா, ஆசிரியர் குழுவில் பெயர் இருப்பவர் உண்மையிலேயே அதில் இருக்கிறாரா என்று பார்த்தாலே பெரும்பாலான போலிகள் அகப்பட்டுவிடும்.

சந்தாக் கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதி இல்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் பற்றியும் கேட்பார்கள். கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் 2011-ல் தொடங்கிய அந்தத் தளத்தின் மேல் மூன்று பதிப்பகங்கள் 2020-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவாயிற்று. அதன் தேவை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நாட்டின் படிப்பு, என்றைக்கு வேண்டுமானாலும் அணைக்கப்படும் ஒரு தளத்தை நம்பி இருக்கக் கூடாது.

விதி இருக்கிறது, நடப்பு இல்லை

பசுமை வழிக்கு இந்தியாவில் புதுச் சட்டம் தேவையில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லேயே திறந்த அணுக்கக் கொள்கையை அறிவித்தது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் கூட்டாக ஒன்றை வெளியிட்டன: எங்கள் பணத்தில் நடந்த ஆய்வின் ஏற்கப்பட்ட படி களஞ்சியத்துக்கு வந்தாக வேண்டும். சேர்க்காதவருக்கு அடுத்த நல்கை தாமதமாகும் என்ற நிலை வரவில்லை, அதனால் பலர் சேர்க்கவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025 ஜூலை 1 முதல் காத்திருப்புக் காலமே இல்லாமல், வெளியாகும் அன்றே திறக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டன.

கட்டாயப்படுத்தினால் நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்று 2009-ல் மானியக் குழு விதி செய்தது. அதன் பயன்தான் ‘சோத்கங்கா’ களஞ்சியம். இன்று அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன, பாரதியாரும் பெரியாரும் உட்படப் பல பல்கலைக்கழகங்களுடையவை. யாரும் படிக்கலாம்.

கொங்கு நாட்டுக் கல்லூரிகள் தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. களஞ்சியம் நடத்தும் மென்பொருள் இலவசம். ஒரு சர்வர், பயிற்சி பெற்ற ஒரு நூலகர், ‘ஆண்டறிக்கையில் கணக்குக் காட்டும் கட்டுரை களஞ்சியத்தில் இருக்க வேண்டும்’ என்று முதல்வர் போடும் ஓர் ஆணை. இவ்வளவுதான் செலவு. அப்புறம் ஒவ்வொரு கட்டுரையோடும் பத்து வரியில் தமிழ்ச் சுருக்கம் ஒன்றையும் கேட்டு வாங்கினால், தோட்டத்துக்கும் ஆலைக்கும் அது போய்ச்சேரும் தூரம் பாதியாகக் குறையும்.

இன்றைக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்றால்

1. தலைப்பை மேற்கோள்குறிக்குள் வைத்து கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். முடிவின் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பில் இலவசப் படி பல நேரம் ஒளிந்திருக்கும்.

2. உலாவியில் ‘அன்பேவால்’ (Unpaywall) நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி திறந்திருக்கும் படி எங்காவது இருந்தால் அதுவே காட்டும்.

3. மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல், இயற்பியலும் கணினியும் என்றால் ஆர்க்சிவ், வேளாண்மை என்றால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ்த்தளம். கோவையிலிருந்து வரும், நூறாண்டு கடந்த மெட்ராஸ் வேளாண் இதழும் இணையத்தில் கிடைக்கிறது. தமிழில் சாகுபடிக் குறிப்பு மட்டும் போதுமென்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம்.

4. எதிலும் கிடைக்காவிட்டால் இதழ்த்தளத்தில் கட்டுரையின் சுருக்கம் இருக்கும் பக்கத்தில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். யார் நீங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மூன்று வரி போதும். தன் படியை அனுப்பப் பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு உரிமை உண்டு, கேட்டால் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். அனுப்பியவரிடம் களஞ்சியத்திலும் ஒரு படி போட்டுவைக்கச் சொல்லி, அதற்கான இணைப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.